என் பெயர் இருந்த வரி

மீனாட்சிபுரத்துப் பால் சொசைட்டியின் கணினியில் கட்டற்ற இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்தவன் நான். அதனால் திரை கறுத்துப்போகும்போதெல்லாம் செக்ரட்டரி அக்கா என்னைத்தான் கூப்பிடுவார். பெரும்பாலும் காலையில் பால் அளக்கும் நேரத்தில்தான் அது நிற்கும். கேன்களோடு ஆட்கள் வரிசையில் நிற்க, அக்கா கையால் எழுதத் தொடங்குவார்.

"நின்னு போறதுகூடப் பரவால்லீங்க தம்பி. எதுக்கு நின்னேன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு நிக்கோணுமல்லங்க?" என்றார் ஒரு நாள்.

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. இயங்குதளத்தின் அடியில் இருக்கும் கெர்னலில், திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவர் என்ற நிரலை எழுதும் கூட்டத்தில் நானும் ஒருவன். கார்டு வேலையின் நடுவே சிக்கிக்கொண்டால் டிரைவர் அதை உடனே மீட்டமைக்கப் பார்க்கும். திரை திரும்பாமல் போனாலும், எங்கே சிக்கியது என்ற தடயம் அதோடு அழிந்துவிடும். அழிவதற்கு முன் அதைப் பிடித்து அறிக்கையாக எழுதிவைக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

மூன்று வாரத்தில் முடித்து, டிரைவர் எழுதுபவர்கள் எல்லோரும் பார்க்கும் மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பினேன். அதன்பின் இருப்புக் கொள்ளவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போனை எடுத்தேன்.

"ஏனுங்க, குட்டி போட்ட பூனையாட்ட எதுக்கு வாசலுக்கும் ஊட்டுக்கும் நடக்கறீங்க?" என்றாள் மனைவி.

பதில் வந்தது. வருகிற நிரல்களைச் சரிபார்த்து ஏற்கும் பரிசீலகர், எங்கோ வெளிநாட்டில் இருப்பவர், ஒரே ஒரு குறையைச் சொல்லியிருந்தார். அறிக்கை எழுத, பிழை நேர்ந்த பிறகுதான் நினைவகத்தில் இடம் கேட்கிறாய். அந்த இடம் காலியாவதற்கே சிக்கிய கார்டு வேலையை முடிக்க வேண்டியிருந்தால்? ஒன்றுக்காக ஒன்று காத்து, முழுக் கணினியும் நின்றுவிடும். என் மேசையில் சோதித்தேன். அப்படியேதான் நின்றது. கணினி தொடங்கும்போதே இடம் ஒதுக்கிவைக்கும்படி மாற்றி மறுபடி அனுப்பினேன். இம்முறை பத்து நாளாகியும் பதில் இல்லை.

பொறுக்க முடியாமல், அக்காவிடம் கேட்டு அதைச் சொசைட்டிக் கணினியிலேயே போட்டேன். தினமும் விடியும்போதே மடிக்கணினியோடு போய் அங்கே உட்கார்ந்தேன். ஐந்து நாள் ஒன்றும் ஆகவில்லை. அது நின்று தொலைய வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். வரிசையில் நின்றவர்களின் முகத்தைப் பார்க்கக் கூசியது.

ஆறாம் நாள் திரை கறுத்தது. மடிக்கணினி வழியாக உள்ளே நுழைந்து அறிக்கையைத் திறந்தேன். மின்சாரத்தைச் சேமிக்கத் தூங்கிய கார்டு விழித்தெழும் முன்பே டிரைவர் அதற்குக் கட்டளை அனுப்பியிருந்தது. விழிக்கக் கொடுத்த அவகாசம் போதவில்லை. அவகாசம் எவ்வளவு என்று சொல்லும் வரியை எழுதியது யார் என்று தேடினேன். என் பெயர் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன், திரை சீக்கிரம் தெரிய வேண்டும் என்று அவகாசத்தைக் குறைத்தவன் நானே. புதிய கார்டுகளில் மட்டும் சோதித்திருந்தேன்; சொசைட்டியில் இருந்ததோ மெதுவாக விழிக்கும் பழைய கார்டு.

அக்காவிடம் போய் நின்றேன்.

"தப்பு என்னுதுங்க அக்கா. நான் எழுதுனதுலதான் கோளாறு."

அவர் பேனாவை நிறுத்திப் பார்த்தார். "அப்ப இத்தனை நாளும் நாங்க கம்ப்யூட்டரைத் திட்டுனதெல்லாம் உங்களையா?"

"ஆமாங்க."

"செரி. சீக்கிரம் செரி பண்ணிப் போடுங்க தம்பி. ஆளுக நிக்கறாங்க."

அவகாசத்தைக் கூட்டித் திருத்துவது எளிதாக இருந்தது; அதோடு குழுவுக்கு எழுதுவதுதான் கடினமாக இருந்தது. 'இந்தப் பிழை என்னுடையது' என்ற வரியை இரண்டு முறை அழித்து, மூன்றாம் முறை அப்படியே அனுப்பினேன். மறுநாள் பரிசீலகர் திருத்தத்தையும் அறிக்கை வசதியையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டார். எழுதியவனையே காட்டிக்கொடுத்திருக்கிறது, ஆக இது வேலை செய்கிறது என்று ஒரு வரி எழுதியிருந்தார்.

சொசைட்டியில் திரை அதன்பின் கறுக்கவில்லை. ஆனால் யார் யாருடைய கணினிகளிலிருந்தோ அறிக்கைகள் வரத் தொடங்கிவிட்டன. நேற்று வந்ததில் கார்டு எந்த வேலையும் செய்யாமலிருந்தபோதே சிக்கியிருக்கிறது. காலையிலிருந்து நான்கு முறை படித்துவிட்டேன். காரணம் இன்னும் பிடிபடவில்லை.