செம்பில் கீறிய முகம்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், ஜெர்மனியின் ஆஹென் நகரில் ஒல்லாந்து ஓவியர் ஒருவரின் வீட்டைத் துப்புரவு செய்துவந்தேன். ஒரு ஜெர்மன்காரியை மணந்து எல்லையைத் தாண்டி வந்தவர். மனைவி போனபின் தனியாகவே இருந்தார். வண்ணத்தில் அவர் தீட்டியதெல்லாம் தட்டையான வயல்களும் மேகங்களும்தான். முகங்களைச் செப்புத் தகட்டில் மட்டுமே வரைவார். மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் ஊறவைத்து, மை தடவி, ஈரத்தாளில் அழுத்தி எடுப்பார். அமிலப் புகையால் எந்நேரமும் இருமிக்கொண்டிருப்பார்.

ஒரு குளிர்காலத்தில் என்னை உட்காரவைத்துக் கீறினார். அச்சான தாளை எனக்கே தந்தார். வீட்டில் அம்மா அதை விரித்துப் பார்த்தார்.

“இவள் எங்க இருக்கிறாள்?”

“அம்மா, அது நான்.”

“பெத்தவளுக்குத் தெரியாதே? மச்சத்தைப் பார்.”

என் மச்சம் இடக் கன்னத்தில். படத்தில் இருப்பவளுக்கு வலக் கன்னத்தில். என்னோடு இரட்டையாகப் பிறந்தவளுக்கும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தைவிட்டு ஊரே வெளியேறிய நாளில், சனநெரிசலில் அவள் காணாமல் போனாள். அவளைப் பற்றி வீட்டில் நாங்கள் பேசுவதில்லை.

மறுநாள் காலை அம்மா எனக்கு முன்பே கோட்டை மாட்டிக்கொண்டு நின்றார். ஓவியர் கதவைத் திறந்ததும் அவரைத் தாண்டி உள்ளே போய் அறை அறையாகத் தேடினார். மாடிப்படியின் கீழே நின்று, “வெளியில வா பிள்ளை, அம்மா வந்திருக்கிறன்” என்று கூப்பிட்டார். மேலே யாருமில்லை என்று எனக்குத் தெரியும். நேற்றுத்தான் அந்த அறைகளைக் கூட்டியிருந்தேன். ஆனாலும் “ஓம் அம்மா” என்று ஒரு பதில் வந்துவிடுமோ என்று நானும் காதுகொடுத்து நின்றேன்.

நடந்ததை ஜெர்மனில் சொன்னேன். ஓவியர் வெளிறிப்போய்த் தகட்டை எடுத்துவந்தார்.

“அச்சில் இடம் வலமாகிவிடும். இதோ, தகட்டில் இருப்பது நீங்கள்.”

நான் தமிழில் சொன்னதும் அம்மா தகட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அப்ப தாளில வந்தவள் அவள்தானே?”

மொழிபெயர்த்தேன். ஓவியர் ஊசியை எடுத்துக்கொண்டு, இனி அச்செடுக்க முடியாதபடி தகட்டில் குறுக்கே கீறிவிடட்டுமா என்று கேட்டார்.

“கீற வேண்டாமெண்டு சொல்லு. அவளுக்கு நோகும்.”

அவர் தகட்டைத் துணியில் சுற்றி அம்மாவிடமே கொடுத்துவிட்டார். அதன்பின் முகங்கள் எதையும் வரையவில்லை. வயல்களும் மேகங்களும் மட்டுமே.

அம்மா அன்றிலிருந்து அவளைப் பற்றி, பக்கத்து அறையில் தூங்குபவளைப் பற்றிச் சொல்வதுபோலப் பேசத் தொடங்கினார். சில நாட்களில் என்னையறியாமல் நானும் குரலைத் தாழ்த்திக்கொள்வேன்.