பெரட்டுப் படத்துக்கு வைத்த பொட்டு

கூலாய் ஊரில் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் ஒரு படம் இருக்கிறது. காகிதமும் இல்லை, கண்ணாடிச் சட்டமும் இல்லை. மெல்லிய இரும்புத் தகட்டிலேயே அச்சடித்தது. வாடகை வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்ததால், சுவரில் ஒரு காந்தத்தை ஒட்டி அதன் மேல் தகட்டை வைத்தோம். டக்கென்று பிடித்துக்கொண்டது.

வெள்ளைக்காரன் காலத்து ரப்பர் தோட்டம். காலைப் பெரட்டு. வேலைக்குப் போகும் முன் பேர் கூப்பிடுவதற்காக நம் ஜனங்கள் வரிசையாக நிற்கிறார்கள். முன்னால் நாற்காலியில் துரை, தொப்பியை மடியில் வைத்திருக்கிறார். என் கணவர் ஜோகூர் பாருவில் ஒரு காபிக் கடையில் இப்படிப்பட்ட படங்களைப் பார்த்துவிட்டு வந்து வரவழைத்தார்.

“அருவி, பூன்னு எல்லார் வீட்லயும் இருக்கு. இது நம்ம ஆளுங்க” என்றார்.

எனக்கு முதல் நாளே பயம் வந்துவிட்டது. தகடு விழுந்துவிடுமோ என்பதுதான் பயம் என்று நினைத்து நாலைந்து முறை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. பயமும் போகவில்லை. பிறகுதான் கவனித்தேன். இரண்டாவது வரிசையில் ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தை. மற்ற எல்லார் முகமும் தெளிவாக இருந்தது. அவர்கள் கையிலிருந்த வாளியின் கம்பிப்பிடிகூடத் தெரிந்தது. அந்தக் குழந்தைக்கு மட்டும் முகம் இல்லை. ஒரு வெள்ளைத் தீற்றல்தான்.

காரணம் எனக்குத் தெரியும். அந்தக் காலத்துக் கேமராவுக்கு நேரம் பிடிக்கும், அசையாமல் நிற்கச் சொல்லியிருப்பார்கள், குழந்தை தலையைத் திருப்பியிருக்கும். ஆனால் படத்துக்கு எதிரே இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்துதான் என் ஒன்பது மாத மகளுக்குப் பால் கொடுத்தேன். அவளும் தலையை ஒரு நிமிடம் நிலையாக வைக்கமாட்டாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். அவள் என் தோளுக்கு மேலாக அந்தப் பக்கமே பார்த்தாள். பழையபடி திருப்பினேன்.

பள்ளி விடுமுறையில் லாபிஸிலிருந்து என் கணவரின் அக்கா வந்திருந்தார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வந்ததும் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார்.

“யாரு இவங்கல்லாம்?”

“தெரியல அண்ணி. பழைய படம்.”

“எல்லாம் செத்துப் போயிருப்பாங்கல்ல? செத்தவங்க படத்த நடுவீட்ல மாட்டிட்டு ஒரு பொட்டுகூட வைக்கலன்னா எப்படி? பாரு, எப்படி மொறைக்கிறாங்க!”

“தொரைக்கும் வைக்கணுமாக்கா?” என்றார் என் கணவர்.

“அவன் மட்டும் உசுரோடவா இருக்கான்? வச்சிடு. இல்லன்னா பெரட்டுல ஒன் பேர வெட்டிடுவான்.”

அவர்கள் இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வியாழக்கிழமை அண்ணி ஊருக்குப் போனார். வெள்ளிக்கிழமை காலை நான் சந்தனம் குழைத்தேன்.

முகங்கள் கொட்டைப்பாக்கு அளவு. மோதிர விரல் நுனியால் சந்தனத்தையும் அதன் மேல் குங்குமத்தையும் வைத்தேன். மொத்தம் நாற்பத்தொரு பேர், துரையையும் கைக்குழந்தையையும் சேர்த்து. கடைசியாகக் கைக்குழந்தையிடம் வந்தபோது யோசித்தேன். அது இன்னும் எங்கேயாவது உயிரோடு இருந்தால்? ஆனால் ஒன்றை மட்டும் விடுவதும் சரியாகப் படவில்லை. நெற்றி எது என்று உத்தேசமாகப் பார்த்து வைத்தேன்.

அந்த நேரத்தில் மகள் எழுந்து அழுதாள். ஓடிப்போய்த் தூக்கினேன். வெள்ளிக்கிழமைப் பழக்கம், விரலில் மீதியிருந்த சந்தனத்தை அவள் நெற்றியில் வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் என் விரலைப் பார்த்தேன்.

மதியம் அவள் உடம்பு கொதித்தது. போன வாரம் அரசாங்கக் கிளினிக்கில் தடுப்பூசி போட்டிருந்தோம். ஒரு வாரம் கழித்துக்கூடக் காய்ச்சல் வரலாம், பயப்படாதீர்கள் என்று தாதி சொல்லியனுப்பியிருந்தார். அதெல்லாம் நினைவில் இருந்தது. மருந்து கொடுத்தேன். நெற்றியைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க ஒரே எண்ணம்தான். செத்தவர்களுக்கு வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்து, நாற்பத்திரண்டாவதாக என் பிள்ளைக்கு வைத்திருக்கிறேன்.

ஈரத்துணியோடு படத்துக்குப் போனேன். தகடு அல்லவா, ஒரு இழுப்பில் முன்வரிசை ஆண் ஒருவரின் பொட்டு போய்விட்டது. அடுத்தது ஒரு பெண். கை நின்றது. ஒரு பெண்ணின் நெற்றிக் குங்குமத்தை இன்னொரு பெண் எப்போது அழிப்பாள் என்று எனக்குத் தெரியாதா? அவள் புருஷன் பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கலாம்.

அண்ணிக்குப் போன் செய்தேன்.

“அலமாக்! நான் வெளாட்டுக்குச் சொன்னேன்லா! நெசமாவே வச்சிட்டியா?”

“எல்லாருக்கும் வச்சிட்டேன் அண்ணி.”

“தொரைக்குமா?”

“அவருக்கும்.”

நெடுநேரம் சிரித்தார். பாப்பாவுக்குக் காய்ச்சல், அதே விரலால் வைத்துவிட்டேன் என்றதும் சிரிப்பு நின்றது.

“அழிச்சிடவா அண்ணி?”

“பொம்பளைங்களோடத மட்டும் அழிக்காத” என்றார். பிறகு, “மொதல்ல புள்ளைய கிளினிக்குத் தூக்கிட்டுப் போ” என்றார்.

ஊசியால் வந்த காய்ச்சல்தான், இரண்டு மூன்று நாளில் போய்விடும் என்றார் டாக்டர். வீடு திரும்பியபோது சாயங்காலம். மகள் தோளில் சூடாகக் கிடந்தாள். அவளோடேயே படத்துக்கு முன் நின்று, கைக்குழந்தையின் பொட்டை மட்டும் அழித்தேன். தீற்றல் அப்படியே இருந்தது. ‘உன் பிள்ளைக்கும் வேண்டாம், என் பிள்ளைக்கும் வேண்டாம்’ என்று அந்தத் தாயிடம் மனதுக்குள் சொன்னேன். படித்தவள் செய்கிற காரியமா என்றும் தோன்றியது. அழித்த ஆணின் நெற்றியில் மறுபடி சந்தனம் வைத்தேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. டாக்டர் சொன்னபடிதான்.

“ஒனக்குப் பயமா இருந்தா எடுத்துடலாம், ஒரு இழுப்புதான்” என்றார் என் கணவர். வேண்டாம் என்றேன். எடுத்து எங்கே வைப்பது? அத்தனை பேரைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைக்கவும் முடியாது, வெளியே போடவும் முடியாது. பொட்டு வைத்தாகிவிட்டதே.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் நாற்பது பேருக்கு வைக்கிறேன். கைக்குழந்தைக்கு வைப்பதில்லை. மகளுக்கு வேறு கிண்ணம், வேறு சந்தனம். இரண்டுக்கும் நடுவில் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறேன், இரண்டு முறை. போதுமா என்று தெரியவில்லை. சில வாரம் மூன்று முறை.