ஓடும் துளியை நிறுத்தச் சொன்னவர்கள்

என் மேசை இழுப்பறையில் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய சாம்பல் நிறத் தாள் ஒன்று கிடக்கிறது. மலிவான கறுப்புக் கண்ணாடியிலிருந்து உடைந்த சில்லு போல இருக்கும். கணினித் திரைக்கு முன்னால் பிடித்தால் பின்னால் இருப்பது தெளிவாகத் தெரியும். அப்படியே கால் வட்டம் திருப்பினால் அந்த இடம் மட்டும் தார் பூசியது போல இருண்டுவிடும். திரையின் ஒளி ஒரே திசையில் அதிர்வது. தாளும் ஒரு திசை ஒளியை மட்டுமே உள்ளே விடும். பாடப்புத்தகம் இதைத் தளவிளைவு என்கிறது. கல்லூரியில் என்னோடு வேலை பார்த்த மேடம், போலரைசர் தாளைக் கத்தரிக்கோலால் வெட்டியபோது மிஞ்சிய ஓரம் இது. "வச்சுக்கங்க சார். இந்தக் காலேஜ்லயே உங்க ஸ்டாக்குல ஏறாத ஒரே பொருள்" என்று கொடுத்தார்.

நான் கருவிகள் பிரிவின் கண்காணிப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு கருவியை வாங்குவதற்கான விதி, வைத்துக்கொள்வதற்கான விதி, கழித்துக்கட்டுவதற்கான விதி எல்லாம் மனப்பாடம். அந்த உரிமையில் சொல்கிறேன்: விதிப்படி நடந்த அநியாயங்களை நான் அதிகம் பார்த்ததில்லை. விதியைப் படிக்காதவர்கள் விதியின் பெயரைச் சொல்லிச் செய்தவைதான் அதிகம்.

மேடம் வில்லாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். நூலுக்குச் சாயம் போடும் குடும்பம். அம்மாவோடு போனில் பேசும்போது எங்களுக்குப் புரியாத அவர்கள் வீட்டு மொழி. வைத்ததும் நல்ல மதுரைத் தமிழில் எங்களைக் கேலி செய்யத் தொடங்கிவிடுவார். ஒப்பந்த வேலை. ஆராய்ச்சித் திட்டம் இருக்கும்வரைதான் அவரும் இருப்பார். அதற்காக யாரிடமும் குழைந்ததில்லை. அது அவர் செய்த முதல் குற்றம்.

அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது கன்று வீசும் நோய்; சினைமாடு குறைமாதத்திலேயே கன்றைப் போட்டுவிடும். அது கறப்பவருக்கும் தொற்றும். விட்டு விட்டு மாதக்கணக்கில் காய்ச்சல் அடிக்கும். டைபாய்டு என்று மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்பார்கள். நோய்க்கிருமியின் ஒரு துணுக்கில் ஒளிரும் சாயத்தை ஒட்டி, மாட்டின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தில் விடுவார். விளாங்குடிக்கு மேற்கே தோட்டத்தில் மாடு வைத்திருந்த ஒருவருக்கு இதை அவர் விளக்கியது நினைவிருக்கிறது.

"நோய் இல்லாத மாடுன்னா அந்தத் துணுக்கு பம்பரமாச் சுத்தும் அண்ணே. நோய் பட்ட மாடுன்னா அதோட ரத்தத்துல இருக்குற எதிர்ப்புச் சக்தி துணுக்கைக் கட்டிப் பிடிச்சுக்கிரும். சுத்த முடியாது. நிமிர்ந்த வெளிச்சத்தை அடிச்சா, சுத்தாதது நிமிர்ந்த வெளிச்சமாத் திருப்பிக் கொடுக்கும். சுத்துறது கலைச்சுப்போட்டுக் கொடுக்கும்."

"எம் மாடு கட்டிப் பிடிச்சிருக்கா, கலைச்சிருக்கா? அத மட்டும் சொல்லு தாயி" என்றார் அவர். இரண்டு மாடு கன்று வீசியிருந்தது. வீட்டில் மனைவிக்குக் காய்ச்சல். மாட்டுக் காய்ச்சலாக இருக்கலாம் என்று மேடம் சொல்லியனுப்பியதற்கு, அவர்கள் பார்த்த டாக்டர், "முதல்ல மாட்டு ரிப்போர்ட்டக் கொண்டா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்த ரிப்போர்ட்டுக்காகத்தான் அவர் எங்கள் வாசலுக்கு நடந்துகொண்டிருந்தார்.

இந்த அளவீட்டை மற்றவர்கள் சீரத்தைக் குழாயில் நிறுத்திவைத்துச் செய்வார்கள். தாளை நிமிர்த்தி ஒரு தரம், படுக்கவைத்து ஒரு தரம். மேடத்துக்கு ஒரு கிராமத்து மாடுகளை ஒரே காலையில் பார்த்து முடிக்க வேண்டும். மயிரிழைக் கண்ணாடிக் குழாயில் துளிகளை வரிசையாக ஓடவிட்டார். துளிக்கும் துளிக்கும் நடுவே காற்றுக் குமிழி. ஓடுகிற துளி, நாம் தாளைத் திருப்பும்வரை காத்திருக்காது. எனவே இரு பக்கமும் ஒளியை அளக்கும் கண் போல இரண்டு டிடெக்டர்; ஒன்றின் முன் தாள் நிமிர்ந்து, மற்றதன் முன் படுத்து. துளி கடக்கும் கணத்தில் இரண்டும் சேர்ந்து பார்க்கும். தினமும் காலையில் விளக்கின் ஒளியையே படுக்கவைத்து, எந்தக் கண் எவ்வளவு கூடப் பார்க்கிறது என்று சரிசெய்த பிறகுதான் வேலை தொடங்கும். "அதச் செய்யலேன்னா நாம பாக்குறது மாட்டை இல்ல சார், மெஷினை" என்பார்.

திட்டத்தை நீட்டிக்கலாமா என்று பார்க்க ஒரு குழு வந்தது. நிஜ மாட்டின் சீரத்தையே ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது கல்லூரி முதல்வரின் ஆசை. விளாங்குடிக்காரருடையதைத்தான் ஏற்றினார் மேடம். அவரும் சேதி கேட்டு வந்து கதவோரம் நின்றார். முதல் மாட்டின் துளி ஒளிக்குள் நுழைந்தது. திரையில் இரண்டு கோடுகள் எழும்பின. குழுத் தலைவர் கையை உயர்த்தினார்.

"கொஞ்சம் நிறுத்தும்மா. ஓடிக்கிட்டே இருந்தா எப்படிப் பாக்குறது?"

"நிறுத்தினா வெளிச்சத்துல சாயம் வெளுத்துரும் சார். அதுக்குத்தான் ஓடவிடுறதே."

"எந்தக் கருவியா இருந்தாலும் நிறுத்திக் காட்டத் தெரியணும்."

ஆய்வுக் குழுவுக்கான நெறிமுறையிலேயே, கருவியை இயங்கும் நிலையில் பார்வையிட வேண்டும் என்று இருக்கிறது. அதைச் சொன்னேன். முதல்வர் என் பக்கம் திரும்பாமலே, "நீங்க போய் ஸ்டோர்ஸைப் பாருங்க" என்றார். பிறகு அவரே எட்டி, துளிகளை ஓட்டும் பம்ப்பின் சுவிட்சை அணைத்தார்.

துளி நின்றது. சாயப்பட்டறைப் பெண்ணுக்கு முன்னால் சாயம் வெளுத்தது. கோடுகள் இரண்டும் சரிந்து, கடைசியில் கிறுக்கலாகின. "பாத்தீங்களா, தானாக் குறையுது" என்றார் தலைவர், கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தோடு. நிலையற்ற அளவீடு என்று எழுதினார்கள். ரேக்ளா பந்தயத்தில் வண்டியை மறித்து நிறுத்திவிட்டு, இந்த மாடு ஓடவில்லை என்று தீர்ப்பெழுதுவது போல. வடை நன்றாக இருந்தது என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

அறிக்கை வரும்வரை அறையைப் பூட்டச் சொன்னார் முதல்வர். மேடம் ஒரு மணி நேரம் கேட்டார், அந்த மாடுகளை மட்டும் ஓட்டிவிடுவதற்கு. முதல்வர், "ரூல்னு ஒண்ணு இருக்குல்ல மேடம்" என்றார். எந்த விதி என்று கேட்டேன். சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கதவோரம் நின்றவர், "அப்ப நான் வாரேன் தாயி. இன்னொரு நாளைக்குப் பாப்பம்" என்று கிளம்பினார். மேடம் அவர் பின்னாலேயே ஓடி, மாடுகளுக்கு மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லி, வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். அங்கிருந்து நோய் உண்டு என்று பதில் வந்தபோது விளாங்குடிக்காரர் மனைவியின் காய்ச்சல் முதுகெலும்புக்குள் இறங்கிவிட்டிருந்தது. உயிர் பிழைத்தார். நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

மேடத்தின் ஒப்பந்தம் அத்தோடு முடிந்தது. வெளிமாநிலத்துக்குப் போய்விட்டார். அவர் கட்டிய அமைப்பைப் பழுதான பொருள் என்று கழிக்கச் சொன்னார்கள். பழுது என்ன என்று குறிப்பிடாமல் கழிக்க முடியாது என்றேன். நான் விடுப்பில் இருந்த நாளில் வேறொருவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

சென்ற மாதம் அதே கல்லூரியில் புதிய ஆய்வு மையத் திறப்பு விழா. பழைய ஊழியன் என்று என்னையும் அழைத்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த இயந்திரம், மேலே ரோஜா மாலை. குத்துவிளக்கு ஏற்றியவர் அதே குழுத் தலைவர். பக்கத்தில், இப்போது ஆலோசகராகிவிட்ட அதே முதல்வர். "ஓடும்போதே ரெண்டு திசையிலயும் ஒரே சமயத்துல அளக்குறதுதான் இதோட சிறப்பு" என்று பேசினார் தலைவர். இயந்திரக் கம்பெனிப் பையன் ஓட்டிக் காட்டினான். நான் எழுந்தேன்.

"தம்பி, கொஞ்சம் நிறுத்திக் காட்டுங்க."

"நிறுத்தக் கூடாது சார். சாயம் வெளுத்துரும்" என்றான் அவன்.

முதல்வர் வாட்சைப் பார்த்தார். தலைவரோ என்னைப் பார்த்துப் பெருந்தன்மையாகத் தலையசைத்தார். "நல்ல கேள்வி. எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம்" என்றார். நடித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை.

அன்று மாலை மேடத்துக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் இயந்திரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "விளாங்குடி அம்மா இப்ப நடக்குறாங்களா சார்?" என்றார். கம்பு ஊன்றி நடக்கிறார் என்றேன்.

விழாப் புகைப்படத்தைக் கல்லூரியிலிருந்து மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறார்கள். திரையில் விரித்து, தலைவர் முகத்துக்கு நேரே இந்தத் தாளைப் பிடித்துத் திருப்புகிறேன். கால் வட்டத்தில் முகம் காணாமல் போகிறது. முதல்வரின் முகமும் அப்படியே. விரல் வலிக்கும்வரை பிடித்திருந்துவிட்டுக் கையை எடுத்தால், இருவரும் இயந்திரத்தின் மேல் கை வைத்துச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.