ஆண்டிவைரஸை ஆஃப் பண்ணச் சொன்னது யார்?

"...கப்பல் போய்டுச்சு வக்கீல் சாப், கூப்ட்டா திரும்பி வருமா? ஸ்கூல் மேல கேஸுன்றது செவுத்து மேல கேஸ் போடற மாதிரி. செவுரு கோர்ட்டுக்கு வருமா? நோட்டீஸ்ல ஒரு மனுசன் பேரு இருக்கணும். ஆஃப் பண்ண கை யாருதோ அவங்க பேரைப் போடுங்க!"

இப்படிச் சொல்லிக்கொண்டேதான் ஜமீல் பாய் அந்தப் பள்ளிக்கூடத்துப் படியேறினார். ஆம்பூரில் ஷூவின் மேல்பாகம் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி அவருடையது. பக்கத்தில் வந்தவர் அவருடைய வக்கீல். பின்னால் டூல் பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு நான். பாயின் கம்பெனி கம்ப்யூட்டர்களும் சரி, அந்தப் பள்ளிக்கூடத்து லேபும் சரி, இரண்டுமே என் சர்வீஸில் இருந்தன. சம்பந்தி வீடு இரண்டும் சண்டை போடும்போது நடுவில் நிற்கிற கல்யாணத் தரகர் மாதிரி இருந்தது என் நிலைமை.

விஷயம் இதுதான். கம்பெனியின் ஷிப்பிங் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது. முதலில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறின. அந்த வைரஸ் இன்டர்நெட் வழியாகத் தன் அண்ணனைக் கூப்பிட்டது. அண்ணன் வந்து இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாவற்றையும் பூட்டிவிட்டான். பேப்பர் இல்லாமல் கண்டெய்னர் துறைமுகத்துக்குள் போகாது. மறுபடி எல்லாவற்றையும் டைப் செய்து முடிப்பதற்குள் கப்பல் கிளம்பிவிட்டது. வாங்குகிறவன் சீசனுக்குக் கேட்ட சரக்கு, சீசன் முடிந்து போய்ச் சேரப்போகிறது.

"எங்கேர்ந்துய்யா வந்தது?" என்று பாய் என்னைக் கேட்டார். பார்த்ததைச் சொன்னேன். மேனேஜர் கௌஸின் பென் டிரைவ். அதற்கு முன்னால் அது போடப்பட்டது பள்ளிக்கூட லேபில். அந்த லேப் கம்ப்யூட்டரில் ஆண்டிவைரஸ் ஆஃப் செய்யப்பட்டிருந்தது. கௌஸைக் கேட்டதற்கு, "ஏதோ ஒரு ஃபைல் எடுக்கப் போனேன் மொதலாளி" என்று தலையைச் சொறிந்தார். பாய் மேற்கொண்டு கேட்கவில்லை. கோபத்தில் இருக்கிற மனிதருக்கு ஒரு திசை கிடைத்தால் போதும், கால் தானாக நடக்கும்.

லேபுக்குப் பொறுப்பு சுமதி டீச்சர்.

படியில் ஏறும்போதே வக்கீல் சட்டத்தை விளக்கினார். நல்ல மனிதர், என் மாதிரி ஆட்களுக்கும் புரிகிற மாதிரி பேசுவார். "தெரிஞ்சே வைரஸ் ஏத்தி அனுப்பினாத்தான் பாய் கிரிமினலு. கவனக்குறைவுன்னா நஷ்ட ஈடு கேக்கலாம், அவ்ளோதான். அதுக்கும் வேலைக்கு வெச்ச நிர்வாகம்தான் பதில் சொல்லணும். ஆனா ஒண்ணு. டீச்சர் யார்கிட்டயும் கேக்காம தன் இஷ்டத்துக்கு ஆஃப் பண்ணாங்கன்னு எழுதிக் குடுத்துட்டா, நிர்வாகம் கையை உதறிக்கும். அப்புறம் அந்தம்மா மட்டும்தான் மாட்டுவாங்க."

"மாட்டட்டும்," என்றார் பாய்.

நான் இரண்டு படி பின்தங்கினேன். ஏனென்று சொல்ல வேண்டுமானால் அந்த லேபைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

லேபுக்குப் போகிற நாள்

நான் எந்தக் காலேஜிலும் கம்ப்யூட்டர் படிக்கவில்லை. ஷூ கம்பெனியில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். சென்னையிலிருந்து சர்வீஸுக்கு வருகிற இன்ஜினியருக்கு டீ வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். பிறகு தனியாக வந்து பள்ளிக்கூடங்களைப் பிடித்தேன். இப்போது கடையைத் தம்பிகளிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது, கம்பெனி ஆபீஸ்களின் ஏ.சி. எனக்கு ஞாபகம் வருவதில்லை. பள்ளிக்கூடத்து லேப்தான் வருகிறது.

அந்த லேபில் இருந்தவை எல்லாம் கம்பெனிகள் பழசாகிவிட்டதென்று கொடுத்த கம்ப்யூட்டர்கள். ஒன்றைத் திறந்தால் உள்ளே தோல் தூசு பஞ்சு மாதிரி படிந்திருக்கும். ப்ளோயரால் ஊதினால் லேப் முழுக்கத் தோல் பதனிடும் டேனரி வாசனை வரும். அட்டெண்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "சேகரு, இது கம்ப்யூட்டர் ரிப்பேரா, ஆட்டுத்தோல் ரிப்பேரா?" என்பார்.

என் தொழிலில் எனக்குக் கிடைத்த சொத்தே ஜனங்களின் பேச்சுதான். எந்த டீச்சரும் "சிஸ்டம் ஹேங்" என்று போன் செய்யமாட்டார். "சேகர் சார், நாலாம் நம்பரு மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு கீது" என்பார் ஒருவர். "அது பேசுது, ஆனா நம்மகிட்ட இல்ல" என்பார் இன்னொருவர். இன்டர்நெட் வராத பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் ஒருத்தர், "லைனு இருக்குது, ஆளு வீட்ல இல்ல" என்பார். நான் போய்ச் சேருவதற்குள் கோளாறு பாதி புரிந்துவிடும்.

சுமதி டீச்சர் போன் செய்தால் மட்டும் சரியாகச் சொல்வார், கோளாறு எப்போது ஆரம்பித்தது, அதற்கு முன்னால் என்ன செய்தோம் என்பது உட்பட. மாதனூர் பக்கத்து விவசாயக் குடும்பம். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்த புதிதில் உருதில் ஓர் எழுத்து தெரியாது. ஆனால் கேள்வித்தாளை உருதில் அடிக்க வேறு ஆள் இல்லை. உருது வாத்தியார் ஹஸ்ரத் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, டீச்சர் தட்டித் தட்டிப் பழகினார்.

"டீச்சரம்மா, நீ அடிச்சது ரொம்ப அழகா கீது," என்பார் ஹஸ்ரத். "நான் சொன்னது அது இல்ல, அவ்ளோதான்."

"அழகா இருந்தா அப்படியே வெச்சிக்கலாமே ஹஸ்ரத்," என்பார் டீச்சர்.

இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் வராண்டா வரை கேட்கும். மழை பெய்து கரண்ட் போய்விட்டால், அடித்ததெல்லாம் போய்விட்டதே என்று இரண்டு பேரும் ஒரே மாதிரி தலையில் கை வைத்துக்கொள்வார்கள். அது என்ன காலம், என்ன மனிதர்கள்.

இதில்தான் ஒரு சங்கடம். உருது அடிக்கிற அந்த சாஃப்ட்வேர் காசு கொடுத்து வாங்கியதல்ல. எனக்கு முன்னால் சர்வீஸ் பார்த்த யாரோ போட்டுவிட்டுப் போன பூட்டுடைத்த காப்பி. ஆண்டிவைரஸுக்கு அதைக் கண்டாலே ஆகாது, திறந்தவுடன் தூக்கிவிடும். ஆகவே உருது அடிக்க வேண்டுமானால் ஆண்டிவைரஸை ஆஃப் செய்தாக வேண்டும். ஒரிஜினல் வாங்கச் சொல்லி நான் தாளாளரிடம் கேட்டேன், டீச்சரும் கேட்டார். "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்பார். அவர் சொன்ன அந்த அடுத்த வருஷம் எந்தக் காலண்டரிலும் வரவில்லை. இந்தப் பக்கத்தில் ஆம்பூர், வாணியம்பாடி எங்கு போனாலும் இதே கதைதான். உருது அடிக்கிற நாளில் வாட்ச்மேனை வெளியே அனுப்பிவிட்டுத்தான் வீட்டைத் திறப்போம்.

தாளாளர் ரூமில்

தாளாளர் முன்னாள் டேனரிக்காரர், வயதானவர், ஜமீல் பாய்க்குத் தூரத்து உறவும்கூட. டீ வந்தது. யாரும் குடிக்கவில்லை. சுமதி டீச்சர் வந்து நின்றார். தாளாளர் ஒரு வெள்ளைத் தாளை மேசையில் தள்ளினார்.

"ஒண்ணும் இல்லம்மா. யாரும் சொல்லாம நானா ஆஃப் பண்ணேன்னு ரெண்டு வரி எழுதிக் குடு. மீதிய நாங்க பாத்துக்கறோம்."

"மீதின்னா இன்னா சார்?"

"இன்னாம்மா வக்கீல் மாதிரி கேக்கற?"

"வக்கீல் நானே இன்னும் ஒண்ணும் கேக்கல," என்றார் வக்கீல்.

டீச்சர் தாளைப் பார்த்தார். "நோட்டீஸ்ல என் பேர் வந்துட்டா, சார், வேலூர் வரைக்கும் எந்த ஸ்கூல்லயும் என்னை லேபுக்குள்ள விடமாட்டாங்க. 'வைரஸ் டீச்சர்'னு பேரே வெச்சிடுவாங்க."

"அப்ப ஆஃப் பண்ணது நீ இல்லியா?" என்றார் ஜமீல் பாய். குரல் உயர்ந்துவிட்டது. "சேகரு பாத்துட்டுச் சொல்லிட்டான். இல்லன்னு சொல்லுவியா?"

"நான்தான் சார் ஆஃப் பண்ணேன்." டீச்சர் நிமிர்ந்துதான் சொன்னார். "அதை எழுதித் தர்றேன். ஆனா எதுக்கு ஆஃப் பண்ணேன்னும் அதே பேப்பர்ல எழுதுவேன். ரெண்டும் இருந்தாத்தான் கையெழுத்துப் போடுவேன். ஒண்ணு மட்டும் கேட்டா மாட்டேன்."

தாளாளர் கையை ஆட்டினார். "அதெல்லாம் ஸ்கூல் விஷயம்மா, வெளிய எதுக்கு..." திருட்டு சாஃப்ட்வேர் கோர்ட்டுக்குப் போய்விடும் என்ற பயம் அவருக்கு.

"எதுக்கு ஆஃப் பண்ண?" என்றார் பாய்.

நானும் கேள்வித்தாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"உங்க கார்டுக்கு சார்."

"எந்தக் கார்டு?"

"ரம்ஜான் கார்டு."

எங்கள் ஊர்ப் பக்கம் ரம்ஜான் மாதம் வந்தால், நோன்பு வைக்கிற நேரமும் திறக்கிற நேரமும் போட்ட அட்டை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் கடையிலும் தொங்கும். மேலே உருது, கீழே தமிழ், அடியில் பெரிய எழுத்தில் அதை இலவசமாக அச்சடித்துக் கொடுக்கிற கம்பெனியின் பேர். ஜமீல் பாயின் கம்பெனி வருஷா வருஷம் போடும். என் வீட்டில் நோன்பு இல்லை, ஆனாலும் அந்த அட்டை எங்கள் கடையிலும் தொங்கும். எதிர்க்கடை தோஸ்த் வந்து நேரம் பார்த்துவிட்டுப் போவார்.

"அந்தக் கார்டு ப்ரெஸ்ல அடிக்கறது," என்றார் பாய்.

"ப்ரெஸ்ல பிரிண்ட்தான் சார் போடுவாங்க. டைப் பண்றது இங்கதான். எப்பவும் நானும் ஹஸ்ரத்தும்தான் பண்ணுவோம்."

பாய் வக்கீலைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து மேனேஜர் கௌஸைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார்.

"கௌஸ், ரம்ஜான் கார்டு எங்க டைப் பண்றது?"

"ஸ்கூல்லதான் மொதலாளி, சுமதி டீச்சருகிட்ட. ஏன், நேரம் எதுனா தப்பாய்டுச்சா?"

"நீ பென் டிரைவ்ல எடுத்துனு வந்தது அந்த ஃபைலா?"

"ஆமா மொதலாளி. ப்ரெஸ்காரன் பேஜார் பண்ணிட்டான். டீச்சரு, இருங்க, இதுல வைரஸ் இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் ஆஃப் பண்றேன்னாங்க. நான்தான், அதெல்லாம் ஒண்ணும் ஆவாது, சீக்கிரம் ஆஃப் பண்ணு தாயேன்னு பக்கத்துலயே நின்னு பண்ண வெச்சேன். மொதலாளி வேலை லேட்டாயிடப்போவுதுன்னு..."

பாய் போனை அணைத்தார்.

வக்கீல்தான் முதலில் பேசினார். "பாய், இது கோர்ட்டுக்குப் போனா, ஆஃப் பண்ணச் சொன்னது யாருன்னுதான் முதக் கேள்வி வரும். உங்க கம்பெனி ஆளு, உங்க கம்பெனி வேலைக்கு, நின்னு பண்ண வெச்சிருக்காரு. எதிர்க்கட்சி வக்கீல் நானா இருந்தா, கேஸ் ஜெயிச்சாச்சுன்னு இதோட எழுந்து வீட்டுக்குப் போய்டுவேன்."

தாளாளர் இப்போதுதான் தைரியம் வந்தவர்போல, "அப்ப டீச்சர் அந்த ரெண்டு வரி மட்டும் எழுதிக் குடுத்துட்டா, கேஸும் வேணாம், ஒண்ணும் வேணாம், ஃபைல்ல வெச்சிக்கறேன். நாளைக்கு வேற யாராவது கேட்டா..." என்று இழுத்தார்.

டீச்சர் அசையவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கேஸ் போய்விட்டாலும், அந்த இரண்டு வரி ஃபைலில் இருக்கிற வரைக்கும் கத்தி அவர் தலைமேல்தான். எந்த நாளிலும் எந்தக் கோளாறுக்கும் அதை எடுத்து நீட்டலாம்.

தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வைரஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். நாம் மெஷினைக் காட்டுவோம். கேட்கிறவர்கள் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்ப்பார்கள். ஆகவே மெஷினைக் காட்டுவதற்கு முன்னால், யாருடைய வேலைக்காக அன்றைக்கு அது திறந்து கிடந்தது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதி உண்மை ஒரு மனுஷியின் சோற்றில் கை வைத்துவிடும்.

"ஃபைல்ல வெறும் பேப்பரு இருக்கக் கூடாது," என்றார் ஜமீல் பாய் தாளாளரைப் பார்த்து. குரல் இறங்கியிருந்தது. "எழுதித்தான் ஆவணும்."

டீச்சர் முகம் சுண்டிவிட்டது. நான் வாயைத் திறக்கப் போனேன்.

பாய் டீச்சருக்கு முன்னால் கிடந்த அந்த வெள்ளைத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஆஃப் பண்ணச் சொன்னது என் கம்பெனின்னு எழுத வேண்டியவன் நான்தானே," என்றார். நோட்டீஸில் கையெழுத்துப் போட என்று கொண்டுவந்த பேனாவின் மூடியைக் கழற்றி, தாளின் வலது ஓரத்தில் வைத்து, உருதில் எழுத ஆரம்பித்தார்.