கண்கள் இடப்புறம்

இங்கிலாந்துக்கு நர்ஸ் படிப்புக்கு வந்து இது மூன்றாவது வருடம். ஒன்று மட்டும் இன்னும் விசித்திரமாகவே இருக்கிறது. காலையில் டியூட்டி மாறும்போது நோயாளியைப் பற்றி இங்கே யாரும் முழு வாக்கியம் பேசுவதில்லை. முகம் வெளிறல், நாடி சீர், பசி குறைவு. அவ்வளவுதான், அடுத்த கட்டில். வினைச்சொல்லே இருக்காது. எனக்கு அது சுலபமாகக் கைவந்தது. நான் பிறவிப் பட்டியல்காரி. அறுபத்தொன்றில் புறப்படும் முன் அப்பா என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார். தென்காசிக்குத் திரும்பும் பஸ்ஸில், தலை ஈரம் காயுமுன்னே, சாமான் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். "ஏட்டி, அங்கன போயும் ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டு லெட்டர் எழுதாத. அப்பா நல்லாருக்கியளான்னு ஒரு வார்த்த கேளு" என்றார். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள்.

போன செவ்வாய்க்கிழமை அண்ணனின் கடிதம் வந்தது. அப்பாவுக்குப் பக்கவாதம். டாக்டர் ஆங்கிலத்தில் எழுதிய சீட்டை உள்ளே வைத்து, "நீ நர்சு, ஒனக்கு வெளங்கும்" என்று முடித்திருந்தார். சீட்டில் நான்கே துண்டுகள்: நினைவு தெளிவு. வலக்கை அசைவின்றி. பேச்சு இல்லை. கண்கள் இடப்புறம். தேதியோ பன்னிரண்டு நாள் பழையது. இன்றைக்கும் அப்படியேவா, தேறினாரா, இருக்கிறாரா?

சீட்டைக் காட்டி, இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று வார்டு சிஸ்டரிடம் கேட்டேன். மூன்று வாரத்தில் எனக்குக் கடைசிப் பரீட்சை. அதற்கான இலக்கணச் சந்தேகம் என்று சிஸ்டர் நினைத்துவிட்டார். இதற்கு 'ஆப்சல்யூட் ஃபிரேஸ்' என்று பெயர், நிலையைச் சொன்னால் போதும், வினை வேண்டாம், உன் ரிப்போர்ட்டும் இப்படியே இருக்கட்டும் என்றார். என் அப்பா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

மூளையின் இடப்பக்கம் பழுதானால் கண்கள் அந்தப் பக்கமே இழுத்துக்கொள்ளும். படித்திருக்கிறேன். ஆனால் அப்பாவின் கட்டிலுக்கு இடப்புறம்தான் தெருவாசல். நோய் இழுக்கிறதா, என்னைத் தேடுகிறாரா? தேடுகிறார் என்றால் பரீட்சையை விட்டுவிட்டு அடுத்த கப்பலில் ஏறிவிடுவேன்.

அண்ணனுக்கு எழுதினேன்: கட்டிலைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போடுங்கள். வாசல் வலப்புறம் வரும். பிறகும் கண்கள் இடப்புறமே நின்றால் அது நோய். வாசல் பக்கம் திரும்பினால் உடனே தந்தி கொடுங்கள்.

கடிதத்தை ஒட்டிய பிறகுதான் உறைத்தது. திருப்பினால் அப்பாவின் தலை வடக்கே வந்துவிடும். எங்கள் வீட்டில் யாரும் வடக்கே தலை வைத்துப் படுப்பதில்லை. சீக்காளியை அப்படிக் கிடத்தச் சொன்னால் அம்மா என்ன நினைப்பாள்? கிடத்தாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்?

தெருமுனையில் சிவப்புத் தபால்பெட்டி. எனக்குப் பின்னால் காத்து நிற்கும் ஒரு வெள்ளைக்கார அம்மாள். கடிதம் பாதி பெட்டிக்குள், பாதி என் விரல்களில்.