ரோஸ்வித்தாவின் மூக்கு

இருபத்திரண்டு வருடங்களாக எனக்கு ரோஸ்வித்தாவின் மூக்கின் மேல் பொறாமை. வேறு ஏதாவதாக இருந்திருந்தால் தேவலை. என் கணவர் எக்பெர்ட் அவளைப் பார்த்துக் கண்ணடித்திருந்தால் நாலு தட்டை உடைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவருக்கு வேண்டியது அவள் மூக்கு மட்டும்தான். மூக்கோடு எப்படிச் சண்டை போடுவது?

அவள் எங்கள் மோசெல் ஆற்றங்கரைக்காரியும் அல்ல. மேலே மேட்டு நிலத்தில் உருளைக்கிழங்கு போடுகிறவர்கள் வீட்டில் பிறந்தவள். நிலவறையில் குவித்த கிழங்கில் ஒன்று அழுகினாலும் படியில் நின்றே சொல்லிவிடுவாளாம். எங்கள் ஊர்த் தபால்காரரைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கி வந்தாள். வருடம் முழுக்க ரொட்டிக்கடையில் வேலை. அக்டோபர் பிறந்தால் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு எங்கள் சரிவில் திராட்சை பறிக்க வந்துவிடுவாள்.

மற்றவர்கள் பறித்து முடித்த பிறகும் நாங்கள் காத்திருப்போம். காலை மூட்டத்தில் பழத்தில் பூஞ்சை பிடிக்கும். மத்தியான வெயில் பழத்தைச் சுருக்கி இனிப்பேற்றும். அந்த அழுகலைப் பிழிந்து எடுக்கிற இனிப்பு ஒயின்தான் எங்களுக்குச் சோறு. ஆனால் அதேபோல இன்னொரு அழுகலும் உண்டு. அது காடி அழுகல், வினிகர் மாதிரி புளித்து நாறும். நாலு கொத்து உள்ளே போனால் பீப்பாய் முழுக்கக் காடி நாறும். அதனால் ஆளுக்கு இரண்டு வாளி: நல்ல பழத்துக்குப் பெரியது, அதற்குள் தொங்கும் சின்னச் சிவப்பு வாளி நல்ல அழுகலுக்கு. பார்வைக்கு இரண்டு அழுகலும் பல சமயம் ஒன்றுபோலவே இருக்கும். மோந்துதான் பிரிக்க வேண்டும்.

எக்பெர்ட் முதல் கொத்தை வெட்டியதும் அவளிடம்தான் நீட்டுவார்.

"என்ன ரோஸ்வித்தா, இன்னும் நாலு நாள் விடலாமா?"

"விடலாம் முதலாளி."

விட்டுவிடுவோம். நானும் பக்கத்தில்தான் நிற்பேன். அந்தச் சரிவே என் அப்பா எனக்குக் கொடுத்தது. ஒரே ஒரு தடவை என்னிடம் கேட்டால் என்ன குறைந்துவிடும்? ஒரு வருடம் நானாகவே வாயைத் திறந்தேன். "உனக்கு எல்லாமே பீச் பழ வாசனைதான் மார்லீஸ்" என்றார். பறிக்க வந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

போன இலையுதிர்காலத்தில், பறிப்பின் மூன்றாம் நாள், எல்லோரும் பட்டாணி சூப் குடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ரோஸ்வித்தாவின் சிவப்பு வாளியைத் தாண்டிப் போனவள் நின்றுவிட்டேன். குப்பென்று காடி. உள்ளே கையை விட்டேன். ஒன்றல்ல, ஐந்து கொத்து.

வாளியைத் தூக்கிக்கொண்டு போய், கல்சுவருக்குப் பின்னால் தனியாக நின்ற ரோஸ்வித்தாவின் முன் வைத்தேன்.

"இது என்னடி?"

அவள் குனியக்கூட இல்லை.

"ஆகஸ்ட்ல காய்ச்சல் வந்துச்சே முதலாளியம்மா, அதோட போச்சு. ரொட்டிக்கடையில நிக்கிறேன், ரொட்டி வாசனை தெரியல."

"அப்ப மூணு நாளா எப்படிப் பறிச்ச?"

"கண்ணால."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீங்க சொல்லிடுங்க. எனக்கு வாய் வரல."

எனக்கு வாய் அரித்தது. இருபத்திரண்டு வருடம் காத்திருந்தது கையில் வந்து விழுந்திருக்கிறது. ஆனால் சொன்னால் என்ன ஆகும்? "ஐயோ, பாவம் ரோஸ்வித்தா" என்று மனிதர் உருகிவிடுவார். வைத்தியரைத் தேடுவார், வீட்டுக்குப் போய் விசாரிப்பார். அதையும் நான்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவள் மேல் இரக்கப்பட்டு நான் சும்மா இருந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அந்த மூன்று நாள் பழம் இன்னும் பிழியப்படாமல் தொட்டியில்தான் கிடந்தது. மத்தியானமே இறங்கிப்போய் ஒவ்வொரு கொத்தாக மோந்து கழித்தேன். மறுநாளிலிருந்து அவள் வாளி என் மூக்கைத் தாண்டாமல் பிழியும் ஆலைக்குப் போகவில்லை. எக்பெர்ட் எதையும் கவனிக்கவில்லை.

மார்ச் மாதம் நிலவறையில் அந்த அழுகல் பழத்து ஒயின் இருந்த பீப்பாயைத் திறந்தோம். அதைப் பொறுக்கல் ஒயின் என்ற உயர்ந்த ரகமாகத் தனியே புட்டியில் அடைப்பதா, தாமதமாகப் பறித்த சாதாரணப் பழத்தின் ஒயினோடு கலந்துவிடுவதா என்று முடிவு செய்ய வேண்டும். வழக்கம்போல ரோஸ்வித்தாவைக் கூப்பிட்டிருந்தார். வழக்கம்போலக் கோப்பையை அவளிடம் நீட்டினார்.

அவள் அதை வாங்கி என் கையில் கொடுத்தாள்.

"இந்த வருஷம் அம்மாகிட்ட கேளுங்க முதலாளி. பொறுக்கினது அவங்க மூக்குதான்."

"இவளா?" என்றார் எக்பெர்ட். பிறகு என் பக்கம் திரும்பினார். "சரி, நீ என்ன சொல்ற மார்லீஸ்?"

மோந்தேன். உலர்ந்த ஆப்ரிகாட் பழம், தேன், மழைக்குப் பிறகு எங்கள் சரிவின் கல். வாயில் வைத்தேன். நாக்கை ஒட்டும் இனிப்பு. அது பாகாகி உட்கார்ந்துவிடாமல் தூக்கி நிறுத்துகிற புளிப்பு. விழுங்கிய பிறகும் போக மனமில்லாமல் நின்றது. காடியின் நிழல்கூட இல்லை. இப்படி ஒன்றை எங்கள் நிலவறையில் நான் குடித்ததில்லை.

"தனியா அடைக்கணும். இருபது வருஷம் நிக்கும்" என்றேன்.

எக்பெர்ட் சுண்ணக்கட்டியை எடுத்தார். பீப்பாய் வரை கொண்டு போனவர் எழுதவில்லை. திரும்பி ரோஸ்வித்தாவின் முகத்தைப் பார்த்தார்.

ஒரு வாசனையும் தெரியாத அந்தப் பொம்பளை ஆமென்று தலையை ஆட்டினாள்.

அப்புறம்தான் எழுதினார்.