சென்னை பஸ்ஸில் ஏறிய எங்கள் மகள்

என் கணவர் ஓய்வு பெற்றதும், சென்னையில் தாம்பரத்தை ஒட்டிய சேலையூர் வீட்டை விட்டுத் தென்காசியில் குடியேற நினைத்தோம். மனவளர்ச்சி குறைந்த எங்கள் மகள் கவிதாவுக்கு நெரிசலில்லாத சின்ன ஊர்தான் பாதுகாப்பு என்று நம்பினேன். முதலில் ஒரு மாதம் வாடகை வீட்டில் இருந்து பார்க்கப் போனோம்.

ஒரு மாலை, மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு இறங்குவதற்குள் அவளைக் காணோம். இருபத்தாறு வயதாகியும் அவள் தனியாகத் தெருமுனையைத் தாண்டியதில்லை. தெருத்தெருவாகத் தேடிவிட்டு பஸ் நிலையத்துக்கு ஓடினோம்.

சென்னை பஸ்ஸின் முன் இருக்கையில், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள்.

"தாம்பரம் ஒரு டிக்கெட்னு கேக்காங்கம்மா. கூட யாருன்னா, 'நான்தான்'ங்காங்க. அதான் வண்டிய எடுக்கல" என்றார் நடத்துனர்.

"ஏண்டி இப்படிப் பண்ணே?" என்று அழுதேன்.

"இங்க எனக்கு யாரையும் தெரியாதும்மா. வீட்டுக்குப் போலாம், நீயும் ஏறு."

"போர்டைப் படிச்சு சரியான பஸ்ல ஏறியிருக்கா, பாரேன்!" கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார் கணவர்.

சேலையூரிலேயே இருந்துவிட்டோம். இப்போதெல்லாம் அவளைக் கேட்காமல் எதையும் முடிவு செய்வதில்லை. வெள்ளிதோறும் தாம்பரம் மார்க்கெட்டுக்குத் தனியாக பஸ்ஸில் போய்ப் பூ வாங்கி வருகிறாள். என் படபடப்புதான் இன்னும் அடங்கவில்லை. அவள் திரும்பும்வரை வாசலிலேயே நிற்கிறேன். "இன்னுமா நிக்கிறே?" என்று கேட்டுக்கொண்டே வந்து, பூவை என் தலையில் வைக்கிறாள்.